வில்லங்கச் சான்று

அடுத்தவர் பத்திரங்களை
முப்பது வருடம் பின்னோக்கிப் படிப்பது என் வேலை.
தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினை, வாரிசு, விடுதலை.
கடைசியில் ஒரு வரி: வில்லங்கம் ஏதுமில்லை.
கையெழுத்துப் போடுவேன். வங்கி கடன் கொடுக்கும்.

என் பரம்பரைக்கு நான் மனுப் போட்டதில்லை.

டொராண்டோவிலிருந்து தியோடர் கூப்பிட்டான்,
சித்தப்பா மகன்.
டிசம்பரில் குடும்பக் கூட்டம், வம்சமரம் பேனரில் வருகிறதாம்.
"முதல் ஆள் யேசடியான்தானே அக்கா?
நுங்கம்பாக்கம் மிராசுதார்.
வருஷத்தை மட்டும் பார்த்துச் சொல்லு."

பெரம்பூர் ஃபிளாட்டில் கட்டிலுக்கடியில்
அப்பாவின் டிரங்குப் பெட்டி.
வேதப்புத்தகத்தின் முன்தாளில், ஒரே கையெழுத்தில்,
பிள்ளை பிறந்ததும் எருமை ஈன்றதும்.
சாலொமி, சனிக்கிழமை விடியல்.
கருப்பி, கிடாரிக் கன்று.
தானியேல், மூன்று நாள்.
அதன் கீழே நாலு விரல் இடம் வெறுமை.
பிறகு: விதைநெல் இரண்டு மரக்கால், பாக்கி.

வேப்பேரி சபையின் பதிவேட்டில் தேடினேன்.
1859, ஞானஸ்நானம். பழைய பெயர் பெரியான். தொழில், பயிர்.
1871, அதே பெயர்மேல் சிவப்புக் கோடு:
'குவேக்கர் துரையோடு சேர்ந்துகொண்டான்.
பாட்டில்லை, பிரசங்கமில்லை,
ஞாயிறுதோறும் களத்துக் கொட்டகையில்
சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.
பேர் நீக்கப்பட்டது.'

'சும்மா' என்ற இடத்தில் நிப்பு காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் பதினோரு நாள்.
பேனா கூடாது, பென்சில் மட்டும்.
மின்விசிறி போட்டால் பக்கம் உதிரும்,
போடாவிட்டால் நான் உதிர்வேன்.
ஒன்பதாம் நாள் மதகு வழக்கு கிடைத்தது:
ராத்திரியில் பலகையைப் பிடுங்கியது யார்?
மூன்றாம் சாட்சி யேசடியான்.
'சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்தான்.
காரணம் கேட்டதற்கு,
இன்றைக்கு மட்டும் சத்தியம் செய்தால்
மற்ற நாளெல்லாம் பொய் சொன்னவன் ஆகிவிடுவேன் என்றான்.
அபராதம் ஐந்து ரூபாய்.
கட்டாதபடியால் எருமை ஒன்று ஜப்தி.'

கருப்பியா?
வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல்
முன்தாளைப் புரட்டினேன்.
அந்த வருடத்துக்குப் பிறகு
கன்று எதுவும் ஈனப்படவில்லை எங்கள் வம்சத்தில்.

பதினோராம் நாள், பசலி 1285.
நன்செய், ஏரிப் பாசனம், தரம் ஐந்து.
மிராசுதார் என்ற கட்டத்தில்
வேறு தெரு, வேறு பெயர்.
பயிரிடுபவர் கட்டத்தில் இவர்:
யேசடியான், பரகுடி.

பரகுடி என்றால் பக்கத்து ஊரிலிருந்து வந்து
அடுத்தவன் மண்ணை உழுகிறவன்,
அறுப்பு முடிந்ததும் எழுந்திரு என்றால்
எழுந்திருக்க வேண்டியவன்.

29C ஜன்னலில் அப்பாவின் விரல் ஞாபகம் வருகிறது.
ஒவ்வொரு முறையும் அதே ஹோட்டலைக் காட்டி
"அது நம்மளுது."
நாங்கள் தலையைத் திருப்பி
எங்கள் நீச்சல்குளத்தைப் பார்ப்போம்.

தியோடர் சொன்னான்,
"மிராசுதார்னே போட்டுடலாம் அக்கா, யார் வந்து பாக்கப்போறா."
அவன் கெட்டவன் இல்லை. பேனருக்கு முன்பணம் கொடுத்துவிட்டான்.
நானும் இருபத்தியிரண்டு வருடமாக
வில்லங்கம் இல்லை என்று எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்தான்.

பழைய வரைபடத்தின்மேல் புதியதை வைத்துப் பார்த்தால்
அந்த நன்செய் ஹோட்டலுக்குள்கூட வரவில்லை.
பாதி பேருந்து நிறுத்தம், பாதி சிக்னல்.
சனிக்கிழமை போய் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன்.
தொண்ணூறு, எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு.
ஆட்டோக்காரர்கள் எஞ்சினை அணைத்தார்கள்.
ஒருவர் மட்டும் அணைக்கவில்லை.
மௌனம் என்று சொல்லும்படி எதுவும் இறங்கி வரவில்லை.
முதுகில் வெயில் ஏறியது.

போனை எடுத்து எழுதினேன்:
யேசடியான். பரகுடி. எருமை ஒன்று.
அனுப்பினேன். நீலக்கோடு விழுந்தது.
பதில் இல்லை.

பூக்கூடையோடு ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள்.
"29C போயிடுச்சா?"

போயிடுச்சு என்றேன்.
நம்பி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.